பேட்டரி ஏன் இறங்குகிறது

1

இந்தக் கதையை எழுதச் சொன்னவர் ஒரு எலக்ட்ரீஷியன். இலக்கியத்துக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. டயர் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில், ஓர் ஆள் குனிந்து நிற்கிற அகலத்தில் அவர் கடை. பழைய மோட்டார் சைக்கிள்களுக்கு ஒயரிங் பார்ப்பார்.

"சாயந்தரம் ஃபுல்லா இருக்கு, காலையில இறங்கிடுதுன்னா எங்கேயோ கரண்ட் லீக் ஆகுது சார். ஒவ்வொண்ணா கழட்டிப் பாக்கணும். எனக்கு நேரம் கிடையாது, நீங்களே பாத்துடலாம். ஒரு நோட்டுப் போட்டு எழுதிக்கிட்டே வாங்க."

"என்ன எழுதணும்?"

"எந்த ஒயரைக் கழட்டினீங்க, என்ன ஆச்சுன்னு. எழுதலைன்னா நேத்து கழட்டினதையே இன்னைக்கும் கழட்டுவீங்க. படிச்சவங்க எல்லாம் அப்படித்தான். ஞாபகம் இருக்கும்னு நினைச்சுக்குவாங்க."

நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். முன்பக்கத்திலிருந்து டெஸ்ட் விவரம். பின்பக்கத்திலிருந்து, நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டு, நீங்கள் இப்போது படிக்கிற இது.

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

[என் மனைவி இறந்து ஏழு மாதம் ஆகிறது.] உண்மைதான். ஆனால் முதல் வரியிலேயே கையேந்துவது போல் இருக்கிறது. அடித்துவிட்டேன்.

[ஒரு வீட்டில் இரண்டு ஆண்கள் இருந்தார்கள்.] அடுத்த வரியில் சிங்கம் வரும் போலிருக்கிறது. அடித்துவிட்டேன்.

[சனி. மாலை 12.6 வோல்ட். காலை 8.9.] நோட்டின் முன்பக்கத்தில் முதல் வரி இதுதான். இதில் யாரும் குறை சொல்ல முடியாது. யாரும் படிக்கவும் மாட்டார்கள்.

காப்பீட்டு ஆபீஸில் வேலை எனக்கு. விபத்து அறிக்கைகளை அரைப் பக்கமாகச் சுருக்க வேண்டும். 'கோரமான', 'எதிர்பாராத விதமாக' எல்லாம் வெட்டு. அந்தப் பழக்கம் இங்கேயும் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். அதையும் வெட்டிவிட்டேன்.

3

மாமா என்பது என் மனைவியின் அப்பா. முப்பது வருஷம் எடைமேடையில் வேலை. லாரி ஏறி நிற்கும், முள் நிற்கிற இடத்தை எழுதிச் சீட்டுக் கொடுப்பார். ஒரு டிரைவர் இருபது கிலோ குறைத்து எழுதச் சொன்னதற்கு, "எங்கிட்ட ஏன்பா கேக்கறே, மேடைகிட்ட கேளு" என்றாராம். என் மனைவி சொன்ன கதை. அவள் சொல்லும்போது அப்பாவின் குரலும் வரும், டிரைவரின் முழியும் வரும்.

இரண்டு வருஷத்துக்கு முன் மகள் கூப்பிட்டாள் என்று எங்களோடு வந்துவிட்டார். ஒரு பெட்டி, இந்த மோட்டார் சைக்கிள். வண்டி என்னைவிட ஒரு வயது இளையது. அவர் ஓட்டி, அவளுக்குக் கற்றுக் கொடுத்து, பிறகு அவள் ஓட்டிய வண்டி. எனக்கு ஓட்ட வராது. கிக்கர் திருப்பி அடிக்கும்.

சாப்பிட மூன்று பேரும் ஒன்றாக உட்காருவோம். "அப்பா, அவருக்கு உப்பு வேணுமாம்" என்பாள். நான் கேட்டிருக்க மாட்டேன். கண்ணால் தேடியிருப்பேன். "ஏங்க, அப்பா நாளைக்கு பேங்குக்குப் போகணுமாம்" என்பாள். அவர் எனக்கு எதிர் நாற்காலியில்தான் இருப்பார்.

[அவள்தான் எங்கள் இருவருக்கும் நடுவில் ஓடிய ஒயர்.] மோட்டார் சைக்கிள் கதை எழுதுகிற எவனுக்கும் முதலில் தோன்றும் வரி. அடித்துவிட்டேன்.

பதினோரு நாள் காய்ச்சல். பன்னிரண்டாம் நாள் காலை அவள்

இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை.

4

என் மைத்துனன், அதாவது அவள் தம்பி, எழுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறான். போன மாதம் போன் செய்தான்.

"அத்தான், அப்பாவை எப்ப அனுப்பறீங்க?"

"அவர் இருக்கட்டுமே."

"அக்காவே இல்ல. அப்புறம் அவர் அங்க இருந்து என்ன செய்யப் போறார்? தப்பா எடுத்துக்காதீங்க, உங்களுக்கும் வயசு இருக்கு. நாளைக்கே உங்க வீட்டுல ஒரு பேச்சு எடுப்பாங்க. அன்னைக்கு அவர் எங்க உக்காருவார்?"

அவன் கெட்டவன் இல்லை. கேட்டதும் சரியான கேள்வி. இந்தக் கதைக்கு ஒரு வில்லன் இருந்திருந்தால் எழுதுவது சுலபமாக இருந்திருக்கும்.

மாமாவிடம் சொன்னேன். செய்தித்தாளை மடித்தார். மறுபடி பிரித்தார்.

"போயிடறேன் மாப்ளே. அவனும் பாவம், ரொம்ப நாளா கூப்பிடறான். இந்த வண்டியை விட்டுட்டு எப்படிப் போறது? சரியாகட்டும். ஓட்டிக்கிட்டே போயிடறேன்."

ஏழு மாதமாக வண்டி கிடந்த இடத்திலேயே கிடந்தது. பழைய வண்டி. பேட்டரியில் உயிர் இருந்தால்தான் பிளக்கில் பொறி வரும், எத்தனை உதை உதைத்தாலும்.

ஆக, வண்டி சரியானால் அவர் போய்விடுவார். அதைச் சரி செய்கிற வேலை என் தலையில். கதை என்றால் இவ்வளவுதான்.

5

வழிமுறை*: பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். கழற்றிய ஒயருக்கும் முனைக்கும் நடுவில் ஒரு சின்ன டெஸ்ட் பல்பை மாட்ட வேண்டும். சாவி ஆஃப். பல்பு எரிந்தால், வண்டியில் ஏதோ ஒன்று கரண்ட் குடித்துக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு ஒயராகக் கழற்றிக்கொண்டே வர வேண்டும். எதைக் கழற்றும்போது பல்பு அணைகிறதோ, அதுதான் ஆள்.

*எலக்ட்ரீஷியன் சொன்னது. நான் சுருக்கினேன்.

எங்கள் பல்பு ஒரு நாளும் எரியவில்லை.

மாமா பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து சாவியைக் கையில் வைத்திருப்பார்.

"எரியுதா?"

"இல்ல மாமா."

"எரியலைன்னா நல்லதா, கெட்டதா?"

"நல்லதுதான். லீக் இல்லைன்னு அர்த்தம்."

"லீக் இல்லைன்னா ஏன் இறங்குது?"

"அதுதான் தெரியல."

"காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தரலையா?"

"நான் காமர்ஸ் மாமா."

"அதானே பாத்தேன்."

தினமும் இதேதான். காலையில் வண்டி செத்துக் கிடக்கும். பேட்டரியைக் கழற்றி சார்ஜில் போட்டுவிட்டு ஆபீஸ் போவேன். மாலையில் வந்து மாட்டி, டெஸ்ட் செய்து, ஓர் ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் நன்றாக ஓடும். மாமா தெருமுனை வரை ஒரு ரவுண்டு போய்வருவார். தகரக் கூரைக்குக் கீழே, பின்பக்கம் சுவரைப் பார்க்க நிறுத்துவார். பூட்டி, உறை போட்டு மூடுவார். காலையில் செத்துக் கிடக்கும்.

ஹார்ன் கழற்றினேன். 8.7. இன்டிகேட்டர் கழற்றினேன். 8.8. முன்னாலிருந்து தொடங்கி பின்னால் போவது என் திட்டம்.

நோட்டில் எழுதாத விவரம் ஒன்று உண்டு. அந்த ஒரு வாரத்தில் நாங்கள் பேசியது, அதற்கு முந்தைய இரண்டு வருஷத்தில் பேசியதைவிட அதிகம். எல்லாம் ஒயர், நட்டு, போல்ட்டு. ஒரே ஒரு முறை வேறு விஷயம். கிளட்ச் லீவர் கொஞ்சம் வளைந்திருக்கும். அதைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"இது அவ வேலை. பதினேழு வயசுல. கொண்டு போய் சுவத்துல சாத்தியிருக்கா. எங்கிட்ட மூச்சு விடல."

"அப்ப உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வளைஞ்சிருக்கே, தெரியாதா?"

"கேக்கலையா?"

"எதுக்கு? அவ சொல்லல. நான் கேக்கல. பதினாலு வருஷம் அப்படியே ஓட்டினோம்."

6

அன்று சாயந்தரம் மழை. மாமா வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தார். டெஸ்ட் பல்பை வெளியே படிக்கட்டில் மறந்துவிட்டிருந்தேன். எடுக்கப் போனேன். மேகத்தால் சீக்கிரமே இருட்டு. காற்றில் வண்டியின் உறை பின்பக்கம் தூக்கியிருந்தது.

சுவரில் சிவப்பு.

குனிந்து பார்த்தேன். பின்விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

இந்த வண்டியின் சாவித் துவாரத்தைச் சுற்றி ஆஃப், ஆன், லாக் என்று எழுதியிருக்கும். லாக்குக்கு அப்பால் சாவி நிற்க இன்னொரு தட்டு உண்டு. எழுத்து தேய்ந்துவிட்டது. இருட்டுச் சாலையோரம் நிறுத்த வேண்டி வந்தால், பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிவதற்காக. அதுவரை திருப்பினாலும் சாவி கையோடு வந்துவிடும். பின்விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். ஐந்து வாட் பல்பு. பத்து மணி நேரம். எங்கள் கிழட்டுப் பேட்டரியைக் காலி செய்ய அது தாராளம்.

காலையில் நான் சாவி போட்டு ஆன் செய்து பார்த்து, ஓடவில்லை என்றதும் ஆஃபில் வைத்துவிடுவேன். அந்த நிலையில்தான் டெஸ்ட். அதனால்தான் எங்கள் டெஸ்ட் பல்பு எரியவே இல்லை.

சாவி மாமாவின் சட்டைப் பையில் இருந்தது. கேட்டிருக்கலாம். உறையை இழுத்துவிட்டு உள்ளே வந்தேன். ஏன் என்று கேட்டால், இந்த மாதிரி இடத்தில் ஆபீஸ் அறிக்கையில் 'காரணம் அறியப்படவில்லை' என்று எழுதுவோம்.

காலையில் வெளியே இருந்து குரல் கொடுத்தார்.

"இன்னைக்கும் இறங்கிடுச்சு மாப்ளே."

"எர்த் சரியில்லைன்னு நினைக்கிறேன் மாமா."

நோட்டின் முன்பக்கம் எடுத்து எழுதினேன்: எர்த் இணைப்பில் துரு. சந்தேகம்.

துரு கிடையாது. முந்தைய ஞாயிறுதான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். முகம் பார்க்கலாம். என் வாழ்க்கையில் நான் எழுதிய முதல் புனைவு அந்த வரி. நான்கு சொல். எதையும் வெட்ட வேண்டியிருக்கவில்லை.

7

மறுநாள் அந்த வரிக்குக் கீழே வேறொரு கையெழுத்து இருந்தது. சாய்வில்லாத, கட்டத்துக்குள் எழுதிப் பழகிய எழுத்து.

பார்த்தேன். துரு அதிகம்.

இந்த இடத்திலிருந்து மாமா பாத்திரம் எனக்குப் பிடிபடவில்லை. மூன்று விதமாக எழுதிப் பார்க்கிறேன்.

(அ) அவருக்கு ஒன்றும் தெரியாது. கண்ணில் புரை. டாக்டர் போன வருஷமே சொன்னார். தேய்ந்த எழுத்து தெரியாமல் ஒரு தட்டு கூடுதலாகத் திருப்பிவிடுகிறார். பளபளப்பும் துருவும் அவர் கண்ணுக்கு ஒன்றுதான். துரு என்று மாப்பிள்ளை எழுதினால் துரு.

இதில் ஒரு சிக்கல். சாவி திருப்பக் கண் எதற்கு? முப்பது வருஷக் கை.

(ஆ) அவருக்குத் தெரியும். போக மனமில்லை. இருக்கிறேன் என்று சொல்ல வாயில்லை. மகள் இல்லாத வீட்டில் மாமனார் எந்த உரிமையில் இருப்பது? அதனால் தினமும் ஒரு தட்டு.

இதிலும் சிக்கல். இருபது கிலோ குறைத்து எழுத மாட்டேன் என்றவர், இல்லாத துருவை எழுதுவாரா?

(இ) அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும் என்பதும்

இந்த வாக்கியம் எங்கள் ஆபீஸில் தேறாது.

8

பதினொரு நாள் இருவரும் எழுதினோம்.

என் பதிவு: ஃபியூஸ் ஹோல்டர் தளர்வு. அவர் பதிவு: இறுக்கினேன். மறுபடி தளர்வு. என் பதிவு: ரெக்டிஃபையர் சூடாகிறது. அவர் பதிவு: தொட்டுப் பார்த்தேன். ஆமாம்.

ஃபியூஸ் ஹோல்டர் இறுக்கமாக இருந்தது. ரெக்டிஃபையர் பச்சைத்தண்ணீர் மாதிரி இருந்தது. கூட்டு முயற்சியாக எழுதப்பட்ட நாவல்கள் உண்டா என்று தெரியவில்லை. இருந்தால் அவற்றிலும் ஒருவர் குறைவாகப் பேசுகிறவராக இருந்திருப்பார்.

ஃபியூஸ் பற்றி எழுதிவிட்டுச் சும்மா இருந்தால் நன்றாக இருக்காது என்று ஒன்று வாங்க எலக்ட்ரீஷியன் கடைக்குப் போனேன்.

"இன்னுமா சார்? நீங்க டெஸ்ட் பண்றீங்களா, டாக்டர் பட்டம் வாங்கறீங்களா?"

"ஏதோ ஒண்ணு பிடிபடல."

"சாவியைப் பாத்தீங்களா? அந்தக் கால வண்டியில லாக்குக்கு அந்தப் பக்கம் ஒரு தட்டு உண்டு. தெரியாம அதுல விட்டுடுவாங்க."

"பாத்தாச்சு. அது இல்ல."

வாயில் வந்துவிட்டது. அவர் ஸ்க்ரூ டிரைவரைக் காதோரம் செருகிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப வண்டிக்கு ஒண்ணும் இல்ல சார். ஆளுக்குத்தான்."

ஃபியூஸ் தேவையே இல்லை. வாங்கிக்கொண்டு வந்தேன்.

9

வியாழக்கிழமை மைத்துனன் போன் செய்தான்.

"அத்தான், ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வரேன். ஒரு லோடு வண்டி பிடிச்சிட்டேன். ஓடலைன்னா என்ன, தூக்கி ஏத்திட்டா முடிஞ்சுது. எங்க தெருவுலயே மெக்கானிக் இருக்கான்."

நாங்கள் இருவரும் யோசிக்காத ஒன்று. எங்கள் நாவலில் அவ்வளவு பெரிய ஓட்டை.

மாமாவிடம் சொன்னேன். "சரி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "டெஸ்டைப் பாதியில விட வேணாம் மாப்ளே. நோட்டை முடிச்சுடுங்க" என்றார்.

வெள்ளிக்கிழமை பெட்டியைத் துடைத்து வெயிலில் வைத்தார். இரண்டு பூட்டில் ஒன்று விழவில்லை. எண்ணெய் விட்டுப் பார்த்தார். சனிக்கிழமை சட்டைகளை மடித்து உள்ளே வைத்தார். நான் அறைக்குள் போனால் எதையோ தேடுவது போல் பெட்டிக்குள் கையை விட்டார். நானும் எதையோ எடுக்க வந்தவன் மாதிரி அலமாரியைத் திறந்து மூடினேன். இப்படி நான்கு தடவை.

முடிவுகள்:

முடிவு ஒன்று. சாவி விஷயத்தைச் சொல்கிறேன். அவர் சிரிக்கிறார். வண்டியை உதைக்கிறார், ஓடுகிறது. தெருமுனையில் திரும்பும்போது கை அசைக்கிறார். நன்றாக இருக்கிறது. பத்திரிகைக்கு அனுப்பினால் போடுவார்கள். ஆனால் அவர் கை அசைக்கிற ஆள் இல்லை.

முடிவு இரண்டு. ஒன்றும் சொல்லவில்லை. வண்டியையும் அவரையும் ஏற்றிக்கொண்டு லோடு வண்டி போகிறது. பின்விளக்கு சிவப்பாக எரிந்தபடி சின்னதாகிக்கொண்டே போகிறது. பார்க்க அழகு. அதனாலேயே சந்தேகம். பகல் பத்து மணிக்கு அந்த விளக்கு யார் கண்ணுக்கும் தெரியாது.

முடிவு மூன்று. "இருங்க மாமா" என்கிறேன். அவர் இருக்கிறார்.

இதை நான்கு முறை எழுதினேன். மேற்கோள் குறிக்குள் போனதும் என் குரல் மாறிவிடுகிறது. யாரோ மேடையில் பேசுவது போல் இருக்கிறது. நேற்று ராத்திரி சாப்பிடும்போது நிஜமாகவே சொல்லிப் பார்த்தேன். "மாமா" வரை வந்தது. அவர் நிமிர்ந்தார். "உப்பு" என்றேன். தள்ளி வைத்தார்.

10

இன்று ஞாயிறு. மணி எட்டு ஐந்து.

இதுவரை 'நீங்கள்' என்று எழுதியபோதெல்லாம், முன்பின் தெரியாத யாரோ படிப்பார்கள் என்று நினைத்துத்தான் எழுதினேன். அப்படி யாரும் இல்லை. ஒருவர் படித்தால் போதும்.

மாமா, நோட்டைத் திருப்பிப் போட்டு வண்டி சீட்டின்மேல் வைக்கப் போகிறேன். காலையில் நீங்கள் முதலில் அங்கேதான் வருவீர்கள். எழுத்து சிறியது, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். உங்களையே உங்களுக்கு அறிமுகம் செய்திருக்கிறேன். அந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். கண்ணில் புரை என்று எழுதியதற்குக் கோபம் வந்தால் டாக்டரைக் கேளுங்கள்.

(அ), (ஆ), (இ) மூன்றில் எது சரி என்று நீங்கள் சொல்ல வேண்டாம். நானும் கேட்க மாட்டேன்.

நேற்று மாலை நீங்கள் ரவுண்டு போகவில்லை. மாட்டியிருந்த உங்கள் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நானே வண்டியைப் பூட்டினேன். லாக்கில் நிறுத்தினேன். அதற்கு மேல் திருப்பவில்லை. இன்று காலை 12.5. முன்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அது நிஜம்.

ஆகவே வண்டிக்கு ஒன்றும் இல்லை. லோடு வண்டி தேவையில்லை. எழுபது கிலோமீட்டர் தாராளமாக ஓடும். மகன் கூப்பிடுகிறார், போக வேண்டும் என்று இருந்தால் போங்கள். கழற்றிய ஒயரையெல்லாம் மாட்டிவிட்டேன். ஹார்ன் அடிக்கும்.

[அவளுக்காக இருங்கள்.] அடித்துவிட்டேன். அவளுக்காக இல்லை.

எனக்காக. காலையில் எழுந்ததும், இந்த வீட்டில் யாராவது எதையாவது சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறது. அது 'இன்னைக்கும் இறங்கிடுச்சு' என்பதாக இருந்தாலும் பரவாயில்லை. யார் எந்தப் பேச்சு எடுத்தாலும் உங்கள் நாற்காலி எனக்கு எதிரில்தான் கிடக்கும். இதை வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. இருந்தவரை நம் இருவருக்காகவும் அவளே பேசிவிட்டாள். நாம் பழகிக்கொள்ளவில்லை.

இந்தக் கதையை எப்படி முடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இந்தப் பக்கத்தில் பாதி காலியாக இருக்கிறது. பேனாவை நடுவில் வைத்திருக்கிறேன். எழுதினாலும் சரி. வண்டியை உதைத்தாலும் சரி, சத்தம் உள்ளே கேட்கும். உங்கள் மகன் வர இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறது.

நான் சமையலறையில் இருக்கிறேன் மாமா. கதவைச் சாத்தவில்லை.